கங்காணி முதல் கைப்பேசி வரை: கெடாத் தமிழரும் வேலைச் செய்தியும்

கெடா மாநிலத்தைப் பற்றித் தமிழ் மேடைகளில் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் இராசேந்திர சோழனிடமிருந்தே தொடங்குவர். ஏறத்தாழக் கி.பி. 1025இல் கடாரத்தின்மீது நிகழ்ந்த கடற்படையெடுப்பும், பட்டினப்பாலை குறிக்கும் காழகமும், பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் பெருமைக்குரியவைதாம். 2009 முதல் சுங்கை பத்துவில் நடைபெற்ற அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்ட பின்னர், தொழில்நுட்பமும் இம்மண்ணுக்குப் புதிதன்று என்று சொல்லும் வாய்ப்பும் பேச்சாளர்களுக்குக் கிட்டியுள்ளது. ஆயினும், இன்று கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் வாழும் தமிழருள் மிகப் பலர் சோழனின் கப்பலோடு வந்தவர்களின் வழியினர் அல்லர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய பால்வெட்டுத் தொழிலாளர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களுமே அவர்கள். கடாரம் பேசப்படும் அளவிற்கு இவ்வரலாறு மேடையேறுவதில்லை.

அக்கொள்ளுப்பேரர்களுள் ஒரு பகுதியினர் இன்று மென்பொருள் எழுதுகின்றனர், குறைக்கடத்திச் சில்லுகளைச் சோதிக்கின்றனர், வலையமைப்புகளைப் பேணுகின்றனர். எத்துறையில் சேர்வது, எந்த நிறுவனத்திற்கு மாறுவது, அடுத்த ஐந்தாண்டில் எந்நிலையை எட்டுவது என்பனவற்றையெல்லாம் அவர்கள் கைப்பேசியில் காணும் சமூக ஊடகங்களைக் கொண்டே பெரிதும் முடிவு செய்கின்றனர். இதனைப் புதிய காலத்தின் புதிய பழக்கம் என்று கருதுவோர் உண்டு. கெடாத் தோட்டப்புறத்தின் நூற்றாண்டு வரலாற்றை உற்று நோக்கினால், வேலையைத் தேடிச் சென்றோரைவிட, வேலை பற்றிய செய்தி தம்மைத் தேடி வரக் காத்திருந்தோரே அங்கு மிகுதி என்பது புலப்படும். அச்செய்தி யார் வாய்வழி வந்தது, எதனைச் சொன்னது, எதனைச் சொல்லாமல் விட்டது என்பவையே ஒவ்வொரு தலைமுறையின் வாழ்க்கை எல்லையையும் வரையறுத்தன.

முதற்செய்தியாளன் கங்காணியே. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே வேரூன்றியிருந்த கங்காணி முறை அதன்பின் தனியாட்சி செலுத்தியது. 1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரின் செல்வாக்கின்கீழ் வந்தது. ரப்பர் விலை உச்சத்தைத் தொட்ட காலமும் அதுவே. மாநிலத்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும், கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரங்களில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. கைகள் வேண்டியிருந்தன. தோட்டத்துரை, தம் தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்த நம்பகமான ஒருவரைத் தேர்ந்து, உரிமச் சீட்டும் வழிச்செலவும் கொடுத்து அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பினார். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களுக்கு அவர் சென்றார். சென்றவர் அயலார் அல்லர்; மாமன், மச்சான், பங்காளி என்று உறவு சொல்லி அழைக்கத்தக்கவர். கால்சட்டையோ கோட்டோ அணிந்து, கையில் காசுடன் ஊர்த்திண்ணையில் வந்தமர்ந்த அவருடைய தோற்றமே ஒரு விளம்பரமாயிற்று. மலாயாவில் மரத்தடியைக் கிளறினால் பணம் கிடைக்கும் என்பது போன்ற பேச்சுகள் இன்றும் தோட்டத்து முதியோரின் நினைவில் வாய்மொழியாக நிலைத்திருக்கின்றன.

கங்காணி கூறியவை முழுப்பொய்யும் அல்ல. கூலி உண்டு, வீடு உண்டு, கப்பற் கட்டணம் இல்லை. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய வரியிலிருந்து அக்கட்டணத்தைச் செலுத்தியது. 1920களின் பிற்பகுதியில், எளிதிற் சென்றடையத்தக்க பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வறண்ட ஊரிலிருந்து வந்தவனுக்கு அது பெருந்தொகையாகவே தோன்றியிருக்கும். அவன் அறியாதிருந்தது வேறு. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகு உண்டு. தன் ஆட்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவர்களின் தலைக்கணக்கிற்குத் 'தலைக்காசு'ம் உண்டு. செய்தியைச் சொல்பவனுக்கு அச்செய்தியால் ஆதாயம் உண்டு என்பதைச் செய்தி கேட்டவன் அறியவில்லை. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கி, கப்பலில் கடலைக் கடந்து, பினாங்குத் தீவை ஒட்டிய ஜெரெஜாக் தீவின் தனிமை முகாமில் நாட்களைக் கழித்து, பிறையில் தொடர்வண்டியேறித் தோட்டத்தை அடைந்த பிறகே எஞ்சியவற்றை அவன் கற்றான். 1936 இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை அளித்தார். 1938இல் இந்திய அரசு, உதவிப் பயணத்தின்வழித் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. கங்காணியின் ஊர்ப்பயணம் அத்துடன் முடிவுற்றது.

தோட்டத்திற்குள் வந்தபின் செய்தியின் வாயில்கள் மேலும் ஒடுங்கின. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடுதல், பால்வெட்டு, பால் சேகரிப்பு, நிறுவை, லயத்து வீடு என்னும் வட்டத்திற்குள் வெளியுலகம் புகும் வழிகள் சிலவே. கடிதம் வந்தால் கிராணியின் மேசையைத் தாண்டியே வரவேண்டும். தோட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்த உயர்பதவிகளும் எண்ணத்தக்கனவே: தண்டல், மண்டோர், கிராணி, மருந்தகத்து டிரெசர், பள்ளி ஆசிரியர். கிராணிகளாகப் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளுமே அமர்ந்தமையால், பால்வெட்டியின் மகனுக்கு அம்மேசை எட்டாததாகவே இருந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். தோட்டத் தமிழரின் தொழில்நுட்ப வரலாறு பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலையில் தொடங்கியதாக எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது, அது பிழை. தோட்டத்து ரப்பர்க் கொட்டகையிலேயே அது தொடங்கிவிட்டது. பாலில் அமிலம் கலந்து உறையவைத்தல், உருளைகளில் கொடுத்துத் தகடாக்குதல், புகைக் கொட்டகையில் வெப்பத்தைக் கெடாமல் காத்துப் பதப்படுத்துதல் ஆகியவை அளவும் நேரமும் தவறக்கூடாத வேலைகள். அமிலம் கூடினாலும் குறைந்தாலும் தகட்டின் தரம் கெடும். தரம் கெட்டால் விலை விழும். எஞ்சின் கொட்டகையில் எண்ணெய் எஞ்சினை ஓட்டியவரும், பழுதுபார்த்த பிட்டரும், லாரி ஓட்டுநரும் எந்தக் கல்லூரியின் சான்றிதழும் இல்லாத தொழில்நுட்பர்களே. அவர்களுடைய அறிவு கையிலிருந்து கைக்கு மாறியது, ஏட்டில் ஏறவில்லை. சான்றிதழ் கேட்கும் உலகம் வந்தபோது அவ்வறிவு கணக்கில் சேராமற் போயிற்று. தோட்டம் மூடப்பட்ட நாளில் முப்பதாண்டு எஞ்சின் ஓட்டியவரும் 'பொதுத் தொழிலாளி' என்றே பதியப்பட வேண்டிய நிலை அதனால்தான் உண்டாயிற்று.

சப்பானியர் ஆட்சிக்காலத்தில் வேலைச் செய்தி கொடிய வடிவெடுத்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைக்க ஆள் வேண்டியபோது, முதலில் வந்தது துப்பாக்கியன்று, அறிவிப்பே. குறுகிய கால வேலை, கூலி, உணவு, உறைவிடம் என்று அவ்வறிவிப்பு உறுதி கூறிற்று. ரப்பர் ஏற்றுமதி நின்று, அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கை உண்டுகிடந்த தோட்டத்து மக்களுக்கு அது வாழ்வழைப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. அழைப்பு ஆட்களைத் தராதபோது வன்முறை தந்தது. 1943 அக்டோபரில் பாதை முற்றுப்பெற்றது; போனவர்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதனை ஒரு போர்க்கதையாக மட்டும் கற்பிக்காமல், சரிபார்க்க இயலாத ஒரு வேலை அறிவிப்பின் கதையாகவும் கற்பிக்கலாம்.

போருக்குப் பின் செய்தியின் வழி தோட்டத்தார் கைக்கே சிறிது காலம் வந்தது. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராகவும் தொழிலாளர் தன்மானத்திற்காகவும் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களை இணைத்தது. தோட்டத்திற்குத் தோட்டம் ஆள்வழிச் சேதி அனுப்பியே அவ்வியக்கம் கூடிற்று; துரையின் தொலைபேசியும் கிராணியின் மேசையும் அதற்குத் தேவைப்படவில்லை. 1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் நிகழ்ந்த மோதல்களும் காவல்துறையின் கைதுகளும் அதனை ஒடுக்கின. ஆயினும், தமக்குள் தாமே செய்தி பரப்பிக்கொள்ள முடியும் என்பதை அம்மக்கள் கண்டனர்.

நாளிதழின் பங்கு தனியே ஆராயத்தக்கது. கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகியவை தோட்டத்திற்குள் நுழைந்தபோது ஓரிதழைப் பலர் படித்தனர். படிக்கத் தெரியாத பலர் கேட்டனர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் 'சங்கமணி'யும் பின்னர்ச் சேர்ந்துகொண்டது. எழுத்தாளர்களை ஈன்றவை இவ்விதழ்களின் மாணவர் பகுதிகளே என்பது பலர் அறிந்தது. அவை ஆசிரியர்களையும் ஈன்றன என்பதும் உண்மை. ஆசிரியப் பயிற்சிக்கான அழைப்பை இதழில் கண்டு விண்ணப்பித்த தோட்டப் பிள்ளைகள், தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பெற்றவராயினர். இதழில் அச்சான அறிவிப்பில் பெயர், முகவரி, கல்வித்தகுதி, விண்ணப்ப நாள் ஆகியன இருந்தன. கங்காணியின் சொல்லில் கல்வித்தகுதி என்னும் வரி இருந்ததே இல்லை. ஓர் உழைப்பாளியின் மகன், தான் இன்று எதுவாக இருக்கிறான் என்பதற்கும் நாளை எதுவாகலாம் என்பதற்கும் இடையே உள்ள படிகளை எழுத்தில் கண்டது அப்போதுதான்.

தாயகம் விடுதலை பெற்ற 1957க்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பதைக் கெடாத் தமிழர் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்வர். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதார் வேலைசெய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் விதி வலிவுடன் நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரவர் தாம் பிறந்த அல்லது வாழ்ந்து பழகிய தோட்டங்களை விட்டுக் கப்பலேறினர். குடியுரிமை விண்ணப்பம் பற்றிய செய்தியைக் கேட்டும் அதன் கனத்தை உணராதவர்கள் அவர்களுள் பலர்.

அந்நிலையிலேதான் பினாங்குச் செய்தி வந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக மண்டலம் தொடங்கப்பட்டது. இண்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கர்ட், ஏ.எம்.டி., ஹிட்டாச்சி, போஷ் முதலிய நிறுவனங்கள் அங்கே ஆலைகளை அமைத்தன. அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் நிறுவிய முதல் பொருத்து ஆலையே அது. நுண்ணோக்கியின்கீழ்க் கண்ணைப் பதித்து, மயிரிழையினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லோடு இணைக்கும் அவ்வேலைக்கு இளம்பெண்களையே அவை பெரிதும் நாடின. பட்டர்வொர்த்திலிருந்து படகுத்துறை வழியாகவும், 1985இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாகவும் கெடாவின் பெண்கள் அங்குச் சென்றனர். பிறைத் தொழிற்பேட்டைக்கும் சென்றனர். தோட்டத்துச் சந்திப்பில் வந்து நின்ற 'பாக்டரி பஸ்' அவர்களை ஏற்றிச் சென்று, பணிமுறை முடிந்ததும் இறக்கிவிட்டது.

அந்தப் பேருந்தே ஒரு செய்தி ஊடகமாயிற்று என்றால் மிகையாகாது. எந்த ஆலையில் ஆள் எடுக்கின்றனர், எங்கே மிகைநேரப் படி கூடுதல், எந்த மேற்பார்வையாளர் இரக்கமுள்ளவர் என்பன அதன் இருக்கைகளிலேயே பரிமாறப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து ஒருத்தி சென்றால், அடுத்த மாதம் அவள் தங்கையும் அயல்வீட்டுப் பெண்ணும் சென்றனர். உறவின் வழி ஆள் சேர்வதில் கங்காணி முறையின் சாயல் இங்குமுண்டு. ஆனால் இடையில் தலைக்காசு வாங்குவோர் இல்லை. பெண் தன் பெயரில் சம்பளம் வாங்கினாள். அதில் தம்பியின் பள்ளிக் கட்டணம் கட்டினாள். பால்வெட்டிலும் பெண்கள் உழைத்தே வந்தனர் என்றாலும், தோட்டத்தின் எல்லையைத் தாண்டிப் பொழுது புலராத வேளையில் தனியே வேலைக்குப் புறப்பட்ட முதல் தலைமுறைப் பெண்கள் இவர்களே. இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு, அக்குறை எழுதுவோருடையது.

இப்பேருந்துச் செய்திக்கும் ஓர் எல்லை இருந்தது. ஆலையின் கீழ்த்தளத்தில் என்ன வேலை உண்டு என்பதை அது அறிந்திருந்தது; மேல்மாடியில் என்ன நடக்கிறது என்பதை அறியவில்லை. அதே ஆலையில் பொறியாளர்கள் இருந்தனர். இயந்திரங்களைச் சீர்செய்யும் தொழில்நுட்பர்கள் இருந்தனர். அந்நிலைகளை எட்ட, படிவம் மூன்றின் தேர்வில் நல்ல தேர்ச்சியும், படிவம் நான்கில் அறிவியல் பிரிவும், கூடுதற் கணிதமும் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் பயின்று, இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பறையில் அமர்த்தப்பட்ட தோட்டப் பிள்ளைக்கு அச்செய்தியைச் சொல்லப் பேருந்தில் எவரும் இல்லை. கூலி பற்றிய செய்தி விரைவாக வந்தது. கல்வி பற்றிய செய்தி ஒரு தலைமுறை தாமதித்தே வந்தது. 1985, 1986ஆம் ஆண்டுகளின் பொருளாதார நலிவில் மின்னணு ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தபோது, இத்தாமதத்தின் விலையை முதலில் செலுத்தியவர்கள் கீழ்த்தளத்தினரே.

அதன்பின் மாற்றங்கள் விரைந்தன. 1984இல் ஜித்ராவில் பல்தொழில் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் ம.இ.கா. கல்விக்கெனத் தொடங்கிய எம்.ஐ.இ.டி. அமைப்பு, 2001இல் ஏய்ம்ஸ்ட் உயர்கல்விக் கழகத்தை நிறுவியது. முதலில் சுங்கைப்பட்டாணியில் இயங்கிய அது, பின்னர் ஜெராய் மலையின் அடிவாரத்தில் செமிலிங்கில் தன் வளாகத்தை அமைத்துக்கொண்டது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. ரப்பரும் செம்பனையும் வரிசையாக நின்ற வட்டாரத்தில் சில்டெரா, இன்பினியோன், பர்ஸ்ட் சோலார் முதலிய நிறுவனங்களின் சாளரமற்ற நெடுங்கட்டடங்கள் எழுந்தன. தாத்தா பால்வெட்டிய கூலிம் மண்ணிலேயே பேத்தி தூசற்ற அறையில் வெள்ளை உடையணிந்து பணிபுரியும் காலம் வந்தது. அதே ஆண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தமிழ்ப்பள்ளிகள் மட்டும் ஹார்வர்ட், ஹென்ரியெட்டா, விக்டோரியா, பெலாம் என்னும் தோட்டப் பெயர்களைச் சுமந்து நின்றன.

கணிப்பொறியில் தமிழை ஏற்றியதிலும் மலேசியத் தமிழருக்குப் பங்குண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருள், தமிழில் தட்டெழுதுவதை இந்நாட்டு இதழாளருக்கும் ஆசிரியருக்கும் எளிதாக்கிற்று. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. 2005இல் அவருடைய 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொணர்ந்தது. இன்று தோட்டத்துப் பாட்டி தன் பேரனுக்குத் தமிழில் செய்தி அனுப்ப முடிகிறதென்றால், அதன் பின்னணியில் ஒரு தொழில்நுட்பரின் பல்லாண்டு உழைப்பு உள்ளது. தொழில்நுட்பத் துறையில் இலக்கு என்பதற்கு மாணவர்களிடம் எடுத்துக்காட்டுக் கூற விழையும் தமிழாசிரியருக்கு இதனினும் அண்மையான சான்று வேண்டுவதில்லை.

தொடர்பின் கருவிகள் இதற்குள் உருமாறிவிட்டன. 1997இல் மலேசியாவில் பிறந்த ஜாப்ஸ்திரீட் தளம், நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தை இணையத்திற்குப் பெயர்த்தது. 2003இல் லிங்க்ட்இன், 2004இல் முகநூல், 2009இல், இந்நாட்டுத் தமிழர் புலனம் என வழங்கும் வாட்ஸ்அப் ஆகியவை வந்தன. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டபோது, வகுப்பறையே கைப்பேசிக்குள் புகுந்தது.

லிங்க்ட்இன் போன்ற தளத்தில் ஒரு தொழில்நுட்பர் தம் படிப்பையும் பணிகளையும் திறன்களையும் எழுதிவைக்கிறார். ஆள் தேடும் நிறுவனம் சில சொற்களைக் கொண்டு தேடி அவரைக் கண்டடைகிறது. எனவே எச்சொல்லை எழுதுவது என்பதே ஒரு கலையாகிவிட்டது. சில ஆண்டுகள் தரவு அறிவியல், பின்னர் மேகக் கணிமை, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று மோகச் சொற்கள் மாறுகின்றன. ஒவ்வொன்றிற்கும் சில வாரப் பயிற்சியும் சான்றிதழும் விற்கப்படுகின்றன. பதவி உயர்ந்தோர் அறிவிக்கின்றனர். வேலை இழந்தோர் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு உலகம் முழுவதும் உயர்ந்துகொண்டே செல்வதுபோல் தெரிகிறது. கோட்டு அணிந்து திண்ணையில் அமர்ந்த கங்காணியும், மலாயாவில் தான் இழந்தவற்றை ஊராரிடம் சொன்னதில்லை.

ஆயினும் வேறுபாட்டை மறைத்தலும் நேர்மையன்று. கங்காணியிடம் மறுகேள்வி கேட்கத் தோட்டத்தானுக்கு வழி இருக்கவில்லை. இன்றைய இளைஞருக்கு உண்டு. பாடாங் செராயில் இருந்துகொண்டு, கூலிம் ஆலையொன்றின் மூத்த பொறியாளருக்கு நேரே எழுதி, எந்தப் பாடம் கற்கவேண்டும் என்று கேட்க இயலும். பழைய மாணவர் புலனக் குழுக்களில் உதவித்தொகைக்கான இறுதி நாள் அன்றே பகிரப்படுகிறது. முன்பு அது நாள் கடந்த பின்னரே தோட்டத்தை எட்டும். 1972இன் பேருந்து சொல்லாமல் விட்டதை இக்கருவி சொல்லவல்லது. சொல்கிறதா என்பது அதைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. அக்கைக்கு எதைக் கேட்பதென்று முன்னரே ஒருவர் கற்பித்திருக்க வேண்டும்.

கேட்கத் தெரியாதவர்க்கு நேர்ந்ததையும் அண்மை வரலாறு காட்டியுள்ளது. 2022இல் மலேசிய இளைஞர் பலர், சமூக ஊடகங்களில் வந்த வேலை அறிவிப்புகளை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று, மோசடிக் கும்பல்களின் பிடியில் அடைபட்ட செய்திகள் வெளிவந்தன. அலுவலக வேலை, உயர்ந்த சம்பளம், இலவசப் பயணச்சீட்டு, தங்குமிடம் என்றே அவ்வறிவிப்புகள் கூறின. 1943ஐ அறிந்தோர்க்கு இப்பட்டியல் புதிதாயிராது.

மோசடி அல்லாத மெய்ச்செய்தியும் நிலையாமை உடையதே. 2021 டிசம்பரில் இண்டெல் நிறுவனம் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது; பினாங்கும் கூலிமும் அதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் அதே நிறுவனம் உலகளாவிய நிலையில் 15,000க்கு மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே மாதத்தில் இன்பினியோன், கூலிமில் தன் புதிய ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. 2024 மே மாதம் அரசு வெளியிட்ட தேசியக் குறைக்கடத்தி வியூகம், 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்குவதைக் குறிக்கோளாகக் கொண்டுள்ளது. ஒரே கைப்பேசித் திரையில் இந்நான்கு செய்திகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றால், பதினைந்து வயது மாணவன் எதனைக் கொள்வான், எதனைத் தள்ளுவான்?

இக்கேள்வி தமிழ்ப்பள்ளி ஆசிரியரையும் இடைநிலைப் பள்ளியின் தமிழாசிரியரையும் நேரே தொடுகிறது. 2020 முதல் படிவம் நான்கில் அறிவியல், கலை என்னும் பழைய பிரிவுகள் நீக்கப்பட்டு, பாடத் தொகுதிகளைத் தெரிவுசெய்யும் முறை வந்துவிட்டது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டன. தடைக்கல்லாக இருந்தவை போயின என்று மகிழ்வோர், அவையே வழிகாட்டுக் கல்லாகவும் இருந்தன என்பதை எண்ண வேண்டும். முன்பு தேர்வு முடிவு ஒன்று, மாணவனை எப்பிரிவில் அமர்த்துவதென்று சொல்லிற்று. இன்று பௌதிகமும் கூடுதற் கணிதமும் வேண்டுமென்று மாணவனே கேட்டுப் பெறவேண்டும். கேட்க அவற்றின் பயன் தெரியவேண்டும். அதனைத் தெரிவிக்கும் பெற்றோர் எல்லா இல்லங்களிலும் இல்லை. பேருந்தேறி ஆலைக்குச் சென்ற அப்பெண்கள் இன்று பாட்டிகள். ஆலையின் கீழ்த்தளத்தை அவர்கள் நன்கறிவர், மேல்மாடியை அறியார்.

சுங்கைப்பட்டாணியில் உள்ள சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் கல்விக் கழகத்தில் பயின்று வெளிவரும் இளந்தமிழாசிரியர்களுள் பலர், தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்தே வந்தவர்கள். ஒருகாலத்தில் தோட்டத்தின் ஒரே நாளிதழை விளக்கொளியில் உரக்கப் படித்துக் காட்டியவரும் பள்ளி வாத்தியாரே. ஆசிரியப் பயிற்சிக்கான அறிவிப்பை வெட்டி எடுத்து, மாணவனின் தந்தையிடம் கொடுத்து, விண்ணப்பத்தை எழுதித் தந்து, தபாலில் சேர்த்தவரும் அவரே. படிவம் மூன்றின் மாணவர்கள் தம் பாடத் தொகுதியைத் தெரிவு செய்யும் பருவம் ஆண்டுதோறும் வருகிறது. அத்தாள் வீட்டுக்குச் சென்று பெற்றோர் கையொப்பத்துடன் திரும்புவதற்குச் சில நாட்களே அவகாசம்.